மூன்றாவது கோடையைத் தாண்ட வேண்டும்: நகர மரக்கன்றுகளை மேற்பார்வை செய்யப் போகிறவருக்கு

நட்டு மூன்றாம் ஆண்டில் காய்ந்துபோன ஒரு மரத்தைப் பிடுங்கியபோது, அதன் வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே இருந்தன. தொட்டியை நடும்போதே கழற்றிவிட்டோம். ஆனாலும் வேர்கள் கயிற்றுப் பந்து மாதிரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, நட்ட நாளில் இருந்த அதே அகலத்தில் நின்றுவிட்டன. மூன்று ஆண்டுகளில் ஒரு வேர்கூட வெளியே போகவில்லை. அதை நட்டது என் குழு. குழிக்குப் பக்கத்தில் நின்று “சரி, மூடுங்கள்” என்று சொன்னது நான். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தக் குழியிலிருந்து வந்தது.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாரத்துக்கு எத்தனை கன்றுகளுக்கு உங்களால் தண்ணீர் ஊற்ற முடியும் என்பதுதான். எத்தனை நடப்போகிறீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். நடுகிற நாளில் கை கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். ஆறாவது வாரம் வெயிலில் குழாயைப் பிடிக்க உங்கள் ஆட்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். தண்டு 2.5 சென்டிமீட்டர் பருமன் இருந்தால் ஒரு முறைக்குச் சுமார் 40 லிட்டர் வேண்டும். தெருவில் நடுகிற கன்றுகள் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும், 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5000 லிட்டர் டேங்கர் ஒருமுறை நிரம்பினால் ஏறக்குறைய 80 கன்றுகள். நிரப்புவது, நெரிசலில் போவது, ஒவ்வொரு கன்றிலும் தண்ணீர் இறங்கும்வரை நிற்பது எல்லாம் சேர்த்து ஒரு லோடுக்கு அரை நாள் பிடிக்கும். வாரத்தில் ஐந்து நாள் வேலை, அதில் ஒரு நாளை வண்டிப் பழுதுக்கும் ஆள் வராததற்கும் ஒதுக்குங்கள். மீதி எட்டு லோடு, அதாவது வாரத்துக்கு 640 முறை ஊற்றலாம்.

ஆனால் அந்த 640ம் இந்த ஆண்டுக் கன்றுகளுக்கு மட்டும் உரியதல்ல. முதல் ஆண்டுக் கன்றுக்கு வாரம் ஒரு முறை என்றால், போன ஆண்டுக் கன்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதற்கு முந்தையதற்கு வறண்ட மாதங்களில் மாதம் ஒரு முறையாவது வேண்டும். இப்படிப் பார்த்தால் ஒரு டேங்கரும் ஒரு குழுவும் தாங்குவது ஆண்டுக்குச் சுமார் 350 புதிய கன்றுகள். நட்ட முதல் சில வாரங்கள் வாரம் இரண்டு மூன்று முறை ஊற்ற வேண்டியிருப்பதால், அத்தனையையும் ஒரே வாரத்தில் நட்டுவிடவும் முடியாது. மேலே இருப்பவர்கள் ஆயிரம் என்று கேட்டால் இந்தத் தாளைக் காட்டுங்கள். நான் காட்டியிருக்கிறேன். ஒருமுறை கேட்கவில்லை, நட்டோம், அவை காய்ந்துபோய், அடுத்த கோடையில் நானே அவற்றைப் பதிவேட்டில் கோடு போட்டு நீக்கினேன். மறுமுறை கேட்டார்கள்.

இடம் பார்ப்பதற்கு வண்டியில் போகாதீர்கள், நடந்து போங்கள். தலைக்கு மேல் கம்பி இருக்கிறதா, தெருவிளக்கின் வெளிச்சத்தை மரம் மறைக்குமா, திருப்பத்தில் ஓட்டுநரின் பார்வையை மறைக்குமா என்று பாருங்கள். கீழே போகும் மின்கேபிள், குடிநீர், எரிவாயுக் குழாய்களை உரிய துறைகள் வந்து குறித்துத் தந்த பிறகுதான் கடப்பாரை இறங்க வேண்டும். அவசரம் என்று இதில் யாருக்கும் விலக்கு கொடுக்காதீர்கள். அப்புறம், சந்தேகமான இடத்தில் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிவிட்டு மறுநாள் போய்ப் பாருங்கள். இன்னும் தேங்கி நின்றால் அங்கே வேர் மூச்சு விடாது. நடைபாதை ஓரங்களில் கட்டட இடிபாடும் இறுகிய மண்ணும்தான் பெரும்பாலும் இருக்கும். அகலமாகத் தோண்டி மண்ணைத் தளர்த்த முடியாத இடத்தில் பெரிய மரம் ஆகும் வகையை வைப்பது, அந்த மரத்துக்குச் செய்யும் அநியாயம்.

எந்த மரம் என்பதற்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். எல்ம் என்ற மரத்தைக் கொல்லும் டச்சு எல்ம் நோய் வந்து, அமெரிக்க நகரங்களில் எல்ம் வரிசையாக நின்ற சாலைகள் அழிந்தபோது, பல இடங்களில் பதிலுக்கு ஆஷ் மரத்தை வரிசையாக நட்டார்கள். 2002இல் டெட்ராய்ட் அருகே ஆஷ் மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வரிசைகளும் போயின. இரண்டுக்கும் நடுவே, 1990இல், ஃபிராங்க் சாந்தமூர் என்ற அமெரிக்க மர ஆய்வாளர் ஒரு வரம்பு சொல்லியிருந்தார்: ஒரே இனம் 100க்கு 10க்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20க்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பம் 30க்கு மேல் வேண்டாம். நர்சரியில் எது மலிவாக நிறையக் கிடைக்கிறதோ அதையே வாங்கச் சொல்லி அழுத்தம் வரும்போது இந்த மூன்று எண்களும் கையில் இருக்கட்டும்.

நர்சரி லாரி வந்து நிற்கும் அரை மணி நேரம்தான் உங்கள் ஆண்டின் முக்கியமான அரை மணி நேரம். வேறு யாரையும் அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். பத்துக்கு ஒரு கன்றையாவது தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேர் பென்சில் தடிமனில் சுற்றியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். தண்டு கீழே தடித்து மேலே மெலிந்துகொண்டே போக வேண்டும். கம்பு இல்லாமல் நிற்காமல் சாய்கிற கன்று வேண்டாம். நடுக்குருத்து ஒன்றாக இருக்கட்டும், பட்டையில் காயம் கூடாது. உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சிறிய கன்று சீக்கிரம் வேர் பிடித்து, சில ஆண்டுகளில் பெரிய கன்றை எட்டிப் பிடித்துவிடும். திருப்பி அனுப்பும் உரிமையும் அதற்கான காரணங்களும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரி ஓட்டுநரோடு நடுத்தெருவில் வாதாட வேண்டியிருக்கும், அவர்மேல் தப்பும் இல்லை.

இனி நடுவது. இதில் நான் கண்ணை எடுக்காமல் பார்ப்பது ஆழம். தண்டு விரிந்து வேராக மாறும் அந்தக் கழுத்துப் பகுதி மண் மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். நர்சரியில் மேலே மேலே மண் போட்டு அது புதைந்து கிடக்கும். தொட்டி மண்ணின் மேற்பரப்பை நம்பாமல், விரலால் தோண்டி முதல் பக்கவேரைக் கண்டுபிடித்து அதிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். குழியின் அகலம் வேர்ப்பந்தைப் போல், அதாவது வேரும் அதோடு ஒட்டிய மண்ணும் சேர்ந்த கட்டியைப் போல், இரண்டு மூன்று மடங்கு, ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம். ஆழமாகத் தோண்டித் தளர்மண் போட்டு அதன்மேல் வைத்தால் நாலு மழையில் கன்று அமிழ்ந்துவிடும். குழியின் குறுக்கே மண்வெட்டிக் காம்பை வைத்துப் பார்த்தால் மட்டம் தெரிந்துவிடும், வேறு கருவி வேண்டாம்.

தொட்டிக் கன்று என்றால் வேர்ப்பந்தின் வெளிப்பக்கத்தைச் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சீவி எடுங்கள், அடிப்பாகத்தையும். கன்றைக் கொல்கிறோமோ என்று ஆட்கள் தயங்குவார்கள். நானும் தயங்கித்தான் அந்த மரத்தை இழந்தேன். வெட்டிய இடத்திலிருந்து புது வேர் வெளிப்பக்கமாகக் கிளம்பும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு, தண்ணீர் விட்டு அமர்த்துங்கள், காலால் மிதித்து இறுக்க வேண்டாம். சுற்றிலும் வட்டப்பாத்தி, மேலே 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மரச்சில்லோ சருகோ மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மட்டும் மூடாக்கு இல்லாமல் விடுங்கள், ஈரம் ஒட்டினால் பட்டை அழுகும். முதல் ஆண்டு உரம் தேவையில்லை.

தானாக நிற்கும் கன்றுக்குக் கம்பு கட்டாதீர்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும். கட்டியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கம்பு நட்டு, அகலமான ரப்பர் பட்டையால் தளர்வாக, தாழ்வாகக் கட்டி, அவிழ்க்க வேண்டிய தேதியைக் கம்பிலேயே எழுதிவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் வேண்டாம். மறந்துபோன கட்டு தண்டுக்குள் பதிந்து கிடப்பதை நான் எத்தனையோ இடங்களில் அறுத்து எடுத்திருக்கிறேன்.

குழு எத்தனை ஆண்டு அனுபவமுள்ளதாக இருந்தாலும், காலையில் முதல் கன்றை எல்லோரும் சேர்ந்து நின்று நடுவோம். தன்னார்வலர்கள் வந்தால் மூன்று நான்கு பேருக்கு ஒரு பழகிய ஆள். மாலையில் எங்கேயாவது நான்கு கன்றுகளின் அடியை விரலால் கிளறிப் பார்ப்பேன். கழுத்து புதைந்திருந்தால் அன்றே தூக்கி நடுவோம். நாளைக்கு என்று விட்டால் அது அப்படியே இருந்துவிடும்.

தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டர் கணக்கை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் கொடுத்து, வேர்ப்பந்தில் குத்தி, ஒட்டிவரும் மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீர் போதாத கன்றும் நீர் மிகுந்த கன்றும் ஒரே மாதிரிதான் இலை தொங்கும். வாடியிருக்கிறதே என்று நனைந்த குழியில் மேலும் ஊற்றி மூழ்கடித்த கன்றுகள் உண்டு. முதல் ஆண்டு வேர்ப்பந்தின் மேலேயே ஊற்ற வேண்டும், போகப் போக வட்டத்தை வெளியே தள்ளுங்கள். புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு தண்டின் அடிப்பட்டையைச் சுற்றி அறுத்துவிட்டால் அந்தக் கன்று முடிந்தது. புல் வெட்டும் குழு வேறு துறையாக இருந்தாலும் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கவாத்தை முதல் ஆண்டு ஒடிந்தது, காய்ந்தது என்ற அளவோடு நிறுத்துங்கள். இரண்டாம் மூன்றாம் ஆண்டில், நடுக்குருத்தோடு போட்டிபோடும் கிளையைக் குட்டையாக்குங்கள். இன்று கத்திரியால் ஒரு நொடியில் வெட்டுவதைப் பதினைந்து ஆண்டு கழித்து ஏணியும் ரம்பமும் வைத்து வெட்ட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் புயலில் மரமே இரண்டாகப் பிளக்கும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் புடைப்பை விட்டு அதற்கு வெளியே வெட்டுங்கள். புதுப் பட்டை மூடிக்கொள்ளும், வர்ணமோ தாரோ பூச வேண்டாம். ஒரே முறையில் பசுமையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கீழ்க்கிளைகளை மொத்தமாக வழித்துவிடாதீர்கள், தண்டைத் தடிக்க வைப்பவை அவைதான்.

ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், ஒவ்வொரு கன்றையும் நேரில் போய் எண்ணுங்கள். எண், இனம், இடம், நட்ட தேதி, எந்த நர்சரி, எந்தக் குழு என்பதெல்லாம் பதிவேட்டில் இருந்தால்தான் இந்த எண்ணிக்கை பேசும். தெரு மரங்களைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஒரு கட்டுரை, ஆண்டுக்கு 100க்குச் சுமார் 95 அல்லது 96 மரங்கள் பிழைப்பதாகக் கணக்கிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தில் ஒரு தெரு மரத்தின் சராசரி ஆயுள் 19 முதல் 28 ஆண்டுகள்தான் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு கன்றுகளைக் கூடுதலாகக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அதைப் படித்தபோது புரிந்தது.

இறந்த கன்றைப் பிடுங்கியவுடன் வண்டியில் எறிய விடாதீர்கள். மண்ணை உதறி வேரைப் பாருங்கள்: சுற்றியிருக்கிறதா, அழுகியிருக்கிறதா, கழுத்து எவ்வளவு ஆழத்தில் இருந்தது. பட்டையின் அடியைத் தடவிப் பாருங்கள். காரணத்தை அதன் எண்ணுக்கு நேராக எழுதுங்கள். பிறகு அந்தக் குழியில் தண்ணீர் நிரப்பிவிட்டு வாருங்கள். மறுநாள் வடிந்திருந்தால் அடுத்த கன்றை அங்கேயே வைக்கலாம்.