டெலஸ்கோப் இல்லாமலே ஒமேகா சென்டாரி

யாழ்ப்பாணத்தில் கமெராவும் ட்ரைபொட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் ஒமேகா சென்டாரியைப் படம் எடுத்துப் பாருங்கள். வானில் தெரியும் கோளக் கொத்துகளிலேயே, அதாவது பந்து போலத் திரண்ட நட்சத்திரக் கூட்டங்களிலேயே, பிரகாசமானது இதுதான். லண்டனில் இருக்கிற சொந்தக்காரருக்கு இது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை; நமக்கோ தெற்கே 33 பாகை உயரம் வரை ஏறும்.

அந்த உயரத்துக்கு வரும் நேரம் ஏப்ரல் நடுவில் நள்ளிரவு, மே நடுவில் இரவு 10 மணி. சித்திரை (ஸ்பைகா) நட்சத்திரத்தைப் பிடித்து, கையை நீட்டி மூன்றரை முஷ்டி அளவு நேர் கீழே இறங்கினால் மங்கலான, பஞ்சு போன்ற ஒரு புள்ளி. வேலணை, புங்குடுதீவுப் பக்கம் போனால் நகர வெளிச்சம் முதுகுப் பக்கம் போய்விடும். பறுவத்தை அண்டிய நாட்கள் வேண்டாம்.

200 மி.மீ. லென்ஸ் என்றால் ஒரு படத்துக்கு 2 செக்கன் போதும், அதற்கு மேல் நட்சத்திரங்கள் கோடாக இழுபடும். ஐஎஸ்ஓ 3200, துவாரம் முழுதாகத் திறந்து, ரோ கோப்பாக எடுங்கள். ஓட்டோ ஃபோக்கஸை நிறுத்திவிட்டு, லைவ் வியூவில் ஒரு நட்சத்திரத்தைப் பெருப்பித்து, அது ஊசிமுனையாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். கொத்தைச் சட்டகத்தின் இடப்பக்கம் வைத்துத் தொடங்கினால் எடுத்து முடிக்கும்வரை உள்ளேயே நிற்கும், அது வலப்பக்கமாகத்தான் நகரும். 200 படம் எடுங்கள். அப்புறம் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே அமைப்பில் இன்னும் 20; கமெராவின் இரைச்சலைக் கழிக்க இவை உதவும். எல்லாவற்றையும் டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருளில் போட்டால் ஒன்றாக அடுக்கித் தரும்.

கடற்கரையில் லென்ஸில் உப்பீரம் படியும். இடையிடையே பார்த்து மெதுவாக ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.