புது ராம் போட்டதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? பதறாமல் இப்படிப் பாருங்கள்

பொங்கலுக்குத் தேவகோட்டையில் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வளவில் கேபினட்டைத் திறந்து போட்டுவிட்டு, முகம் வாடி உட்கார்ந்திருந்தான் தம்பி. "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுப்பா. இவன் புது ராமை மாட்டினான், அதோட சரி" என்றார் பெரியப்பா. ராம் என்பது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பட்டை. அவருடைய பத்து வருடக் கணக்கு, ஐயாவின் பழைய போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் ஓடியது. எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை. புதுப் பாகம் போட்ட உடனே வரும் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அன்று செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில் கரண்ட்

சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும்.

பிளாஸ்டிக் பாயிலோ மெத்தையிலோ உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். நம் வீடுகளின் ஆத்தங்குடிக் கல் தரை இதற்கு நல்ல இடம். வெறுங்காலோடு உட்கார்ந்து, கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

பழைய செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் வயரிங்கும் வீட்டைப் போலவே பழையது. இரண்டு துளை பாயின்ட்டில் அடாப்டர் போட்டு, மூன்று முள் பிளக்கைச் செருகியிருப்பார்கள். எர்த் இருக்காது. ஓடும் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து கசியும் சிறு மின்சாரத்துக்கு எர்த் வழியாக இறங்க இடமில்லை என்பது அதற்கு ஒரு காரணம். வேறு வயர் கசிவாகவும் இருக்கலாம். எப்படியானாலும் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சரிபார்த்த பிறகே மேற்கொண்டு செலவு செய்யுங்கள்.

2. எந்த வகைக் கோளாறு?

பிளக்கை மாட்டி பட்டனை அழுத்திப் பாருங்கள். ஃபேனே சுற்றவில்லையா, ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா, எழுத்து வந்தும் விண்டோஸ் வரவில்லையா? மூன்றுக்கும் வழி வேறு. இனி ஒவ்வொரு முறை கை வைக்கும்போதும் பிளக் கழன்றிருக்க வேண்டும்.

3. ஃபேனே சுற்றவில்லை

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மதர்போர்டில் (எல்லாப் பாகமும் மாட்டும் பெரிய போர்டு) உள்ள 24 பின் கனெக்டர், பிராசஸர் அருகே உள்ள 4 அல்லது 8 பின் கனெக்டர், பவர் பட்டனில் இருந்து வரும் மெல்லிய வயர். ராம் மாட்டும்போது கை பட்டு இந்த இணைப்புகளில் ஒன்று தளர்ந்திருக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள்.

4. ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை

கடைக்காரர்கள் "நோ டிஸ்ப்ளே" என்பது இதைத்தான். அதிகம் வருவதும் இதுதான்.

புது ராமைக் கழற்றிவிட்டு, பழையதை மட்டும் அதே இடத்தில் மாட்டிப் பாருங்கள். திரை வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மட்டும் மாட்டுங்கள். இரண்டும் தனித்தனியே ஓடினால் சேர்த்து மாட்டலாம். நான்கு ஸ்லாட் (ராம் செருகும் இடம்) உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரில் இருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி.

மாட்டும்போது ராமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்த வேண்டும். ராமில் டிடிஆர்3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288. டிடிஆர்5-க்கும் 288 என்றாலும் வெட்டு வேறிடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரவே உட்காராது. அழுத்தித் திணித்தால் ஸ்லாட் உடையும். பொருந்தியது என்றால் இரண்டு முனையையும் "டக்" என்று கேட்கும்வரை அழுத்துங்கள். தம்பி ஒரு முனையை மட்டும் அழுத்தியிருந்தான். மறுமுனை நூலளவு தூக்கி நின்றது.

டிடிஆர்5 போட்டவர்கள் அவசரப்படாதீர்கள். முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு ராமைச் சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டு புதிதா? மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகாமல் கார்டிலேயே செருகுங்கள். ஸ்லாட் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட்தான். அதற்கு மேல் வேண்டிய கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தனி வயர் கொடுக்க வேண்டும்.

இன்னும் வரவில்லையா? போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துத் திரும்ப மாட்டுங்கள். பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) கம்பெனி அமைப்புக்குத் திரும்பும். டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால், பிறகு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேட்டரியைத் தொடுங்கள்.

5. எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

புது எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ்) போட்ட இடங்களில் இது நடக்கும். பயாஸில் நுழைந்து, பூட் வரிசையில் விண்டோஸ் உள்ள டிரைவ் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிரைவ் பட்டியலிலேயே இல்லையென்றால் அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வயரை வேறு போர்ட்டில் மாற்றுங்கள். சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. "டிரைவை ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால் மட்டும் சம்மதிக்காதீர்கள், உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் ஓடவில்லை என்றால் கடைக்கு எடுத்துப் போங்கள். எந்த ராம், எந்த ஸ்லாட்டில், என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ராமையும் புதியதன் பில்லையும் கூடவே கொண்டுபோங்கள்.