'கெட்' என்ற ஆங்கில வினைச்சொல்: பொருளை எப்படிப் பிடிப்பது?

அகராதியில் 'கெட்' என்று தேடினால் பொருள் பக்கம் பக்கமாக நீளும். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று கவனித்தாலே பெரும்பாலும் பொருள் பிடிபட்டுவிடும். இறந்த காலத்தில் இது 'காட்' ஆகும். மூன்றாம் வடிவமும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'காட்'தான். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'காட்டன்' என்பார்கள்.

படி 1: அடுத்து வருவது பெயர்ச்சொல்லா? அப்படியானால் கிடைத்தது, வந்தது, வாங்கியது என்று பொருள். 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இது சுலபம், மேலே போகலாம்.

படி 2: இடம் வந்தால், போய்ச் சேர்வது. 'வி காட் டு த ஸ்டேஷன்.' இடத்துக்கு முன் 'டு' வேண்டும். ஆனால் 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' வந்தால் 'டு' கிடையாது: 'ஐ காட் ஹோம் லேட்.'

படி 3: பெயரடை வந்தால், நிலை மாறுகிறது. 'ஹி வாஸ் ஆங்ரி' என்றால் அவர் கோபமாக இருந்தார். 'ஹி காட் ஆங்ரி' என்றால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. அதேபோல 'ஷி இஸ் மேரீட்' என்றால் அவர் கல்யாணமானவர். கல்யாணம் எப்போது நடந்தது என்று சொல்ல 'ஷி காட் மேரீட் இன் 2019' என்பதுதான் சரி.

படி 4: இதை நிதானமாகப் படியுங்கள், நம்மில் நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். சலூனுக்குப் போய் வந்தாலும் தமிழில் 'முடி வெட்டிக்கிட்டேன்' என்போம். அதையே 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால், நீங்களே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டதாகக் கேட்பவர் நினைப்பார். 'ஐ காட் மை ஹேர் கட்' என்று சொல்லுங்கள். வரிசை இதுதான்: முதலில் 'காட்', பிறகு 'மை ஹேர்' போல எதற்கு அந்த வேலை நடந்ததோ அது, கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ காட் மை போன் ரிப்பேர்ட்' என்பதும் அப்படியே.

செய்த ஆளையும் சொல்ல வேண்டுமா? 'ஐ காட் ஹிம் டு ரிப்பேர் மை போன்.' ஆளுக்குப் பின்னால் வரும் அந்த 'டு'வை விட்டுவிடாதீர்கள். 'ஐ மேட் ஹிம் ரிப்பேர் மை போன்' என்றால் 'டு' வராது. ஆனால் அதில் கட்டாயப்படுத்திய தொனி இருக்கும். 'காட்' போட்டால் எப்படியோ சொல்லி இணங்க வைத்ததாக இருக்கும்.

படி 5: வண்டியில் ஏறுவது. பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்'. இறங்க 'கெட் ஆஃப்'. காருக்கும் டாக்ஸிக்கும் 'கெட் இன்'. இறங்க 'கெட் அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டியென்றால் 'ஆன்' என்று வைத்துக்கொள்ளலாம். சைக்கிளுக்கும் 'ஆன்'தான். 'கெட் அப்', 'கெட் ஓவர்' போன்ற கூட்டுவினைகளுக்கு மட்டும் இந்த வழி உதவாது. அவற்றை ஒவ்வொன்றாக, முழு வாக்கியத்தோடு சேர்த்துப் பழகுங்கள்.