ஆர்டுயினோவில் லைப்ரரியைக் கையால் நிறுவ

ஆர்டுயினோ போர்டுக்கு நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ-யின் லைப்ரரி மேனேஜரில் கிடைக்காத லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பு) கிட்ஹப்பிலிருந்து ஜிப் கோப்பாக இறக்கினால், ஐடிஇ-யில் ஸ்கெட்ச் → இன்க்ளூட் லைப்ரரி → ஆட் .ஜிப் லைப்ரரி போதும். ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள்.

அது மக்கர் செய்தால் நேரடியாக வைத்துவிடலாம். விண்டோஸில் டாக்குமெண்ட்ஸுக்குள் ஆர்டுயினோ, அதற்குள் லைப்ரரீஸ் ஃபோல்டர். இடம் தெரியாவிட்டால் ப்ரிஃபரன்சஸில் ஸ்கெட்ச்புக் (உங்கள் நிரல்கள் சேமிக்கப்படும் ஃபோல்டர்) முகவரியைப் பாருங்கள். ஐடிஇ நிறுவிய ஃபோல்டருக்குள் மட்டும் போடாதீர்கள்; அடுத்த அப்டேட்டில் காணாமல் போய்விடும்.

பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்: ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் வந்துவிடும். லைப்ரரி ஃபோல்டரைத் திறந்தவுடனே .ஹெச் கோப்போ, எஸ்ஆர்சி ஃபோல்டரோ கண்ணில் பட வேண்டும். ஒரு படி உள்ளே போய்விட்டால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று கம்பைலர் கத்தும். பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் '-மெயின்', '-மாஸ்டர்' இரண்டையும் வெட்டிவிடுங்கள். பழைய பிரதியையும் நீக்குங்கள். இல்லையென்றால் 'மல்டிபிள் லைப்ரரீஸ்' என்ற வரி வரும். அதன் கீழே 'யூஸ்டு' என்று காட்டுவதுதான் உண்மையில் கம்பைல் ஆனது, நீங்கள் புதிதாகப் போட்டதாக அது இருக்க வேண்டியதில்லை.

பிறகு ஐடிஇ-யை மூடித் திறந்து, எக்ஸாம்பிள்ஸ் மெனுவில் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏவிஆர் சிப்புக்கென்றே (ஊனோ ஆர்3 போன்ற போர்டுகளில் இருப்பது) எழுதிய லைப்ரரி, வேறு வகைச் சிப் உள்ள ஈஎஸ்பி32 போர்டில் பிழை தந்தால், நிறுவியதில் தவறு தேட வேண்டாம், அந்தப் போர்டுக்கு ஏற்ற வேறு லைப்ரரியைப் போடுங்கள்.