உங்கள் நாய் பக்கத்து வீட்டுப் பிராணியைக் கடித்துவிட்டால்: வளர்ப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நாய் வெளியே போவது பெரும்பாலும் பின்வாசல் வழியாகத்தான். முகப்பில் கனத்த நிலைக்கதவு, தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் இருக்கும். வளவும் (நடுமுற்றம் உள்ள பகுதி) இரண்டாம் கட்டும் அடுப்படியும் தாண்டினால் பின்கதவு அடுத்த தெருவில் திறக்கும். வேலைக்கு வருபவர்கள் போக வர, அது பாதி நேரம் ஒருக்களித்தே கிடக்கும். படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), கல்யாணம் என்று வீடு நிறையும் நாட்களில் கேட்கவே வேண்டாம். வேட்டுச் சத்தத்துக்கு மிரண்ட நாய் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் பாயும். "முன்பக்கம் பூட்டித்தானே இருந்தது" என்பது பூனையைப் பறிகொடுத்தவருக்குப் பதிலாகாது. பின்வாசலுக்கு உள்ளே தானாக மூடிக்கொள்ளும் ஒரு கம்பிவலைக் கதவு போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்த தவறு கழுத்துப்பட்டையில். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை குறுகல். சாதாரணப் பட்டையைப் பின்னோக்கி இழுத்தே உருவிக்கொள்ளும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டையோ, மார்போடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டோதான் இவற்றுக்குச் சரி. ஓடுவதைக் கண்டால் துரத்துவது இவற்றின் பிறவிக் குணம். "எங்க நாய் சாது, பிள்ளைகளை ஒன்றும் செய்யாது" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஓடும் கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அந்த உறுதி செல்லாது.

கடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் கையை விடாதீர்கள். அந்த வெறியில் நாய்க்கு யார் கை என்று தெரியாது. கம்பால் அடித்தால் பல நாய்கள் பிடியை இறுக்கும். கடிபட்ட பிராணியைப் பிடித்து இழுத்தால் பல் பதிந்த இடத்தில் தசை கிழியும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், அல்லது ஜமுக்காளத்தைத் தலைமேல் போடுங்கள். விட்டதும் இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகையோ நாற்காலியோ வையுங்கள். நாயை அறையில் அடைத்த பிறகுதான் மற்ற எல்லாம்.

பெரும்பாலோர் ஏமாறுவது காயத்தைப் பார்த்து. வெளியே நான்கு பல் குறி, ஒவ்வொன்றும் மிளகளவு. "லேசாப் பட்டிருக்கு" என்று விட்டுவிடுவார்கள். நாய் கவ்விய பிறகு உதறும். அந்த உதறலில் தோல் தசையை விட்டுப் பிரியும், விலா உடையும், வயிற்றில் குடல் கிழியும். பல் துளை மேலே மூடிக்கொள்ள, உள்ளே போன கிருமி ஓரிரு நாளில் சீழ் வைக்கும். பூனை, முயல் போன்ற சின்ன உயிர்கள் அதிர்ச்சியிலேயே போய்விடக்கூடும். எனவே நடந்துவந்து தண்ணீர் குடித்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வண்டி இல்லையென்றால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கேட்கலாம்.

போவதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். கால், முதுகுக் காயங்களைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மார்பிலும் வயிற்றிலும் ஆழமாகத் தெரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் மூடுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையும் வேண்டாம். பூனைக்குப் பாராசிட்டமால் ஒன்றே உயிரைப் பறிக்கும்.

உங்கள் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். கடிபட்ட பிராணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில், மொத்தம் ஐந்து. ஆடாக இருந்தால் தசைவிறைப்பு நோய்க்கான (டெட்டனஸ்) ஊசியையும் கேளுங்கள். விலக்கப் போன மனிதருக்குக் கீறலோ பல்லோ பட்டிருந்தால் அவர் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆழமான கடிக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் மருந்தும் தேவை.

கோபத்தில் நாயை அடித்துக் கொல்வதும் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வருவதும்தான் இருப்பதிலேயே மோசமான தவறு. கடித்த நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனிக்க வேண்டும். அதற்குள் சோறு தண்ணீர் மறுத்தாலோ எச்சில் ஒழுகினாலோ குணம் மாறினாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாயே இல்லையென்றால் அதற்கு வெறி இருந்ததா என்று யாருக்கும் தெரியாமல் போகும். ஆனால் அந்த 10 நாளும் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

சட்டத்தைப் பற்றி ஊரில் அரைகுறையாகவே பேசிக்கொள்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கைக் கவனக்குறைவாக விடுபவருக்கு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஆனால் அது மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வாய்ப்புள்ள ஆபத்தைப் பற்றியது. ஆட்டை மட்டும் கடித்திருந்தால் நேராகப் பொருந்தாது. அங்கே நஷ்டஈடு கேட்பதுதான் வழி. "வசமுள்ள" என்ற சொல்லைக் கவனியுங்கள். செட்டியார் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பூட்டிய வீட்டுக் காவலுக்கு வாங்கிவிட்ட நாய் வாட்ச்மேன் கையில் இருக்கும். முதலில் போலீஸ் கேட்பது அந்த வாட்ச்மேனைத்தான். மாதச் சம்பளக்காரர் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை. ஊசிச் செலவையும் கதவுச் செலவையும் வீட்டுக்காரர் ஏற்க வேண்டும். கடிபட்ட பக்கத்தாருக்கும் ஒன்று: பழிக்குச் சோற்றில் குருணை மருந்து (பூச்சிக்கொல்லி) கலந்து வைத்தால் அதே சட்டத்தின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

சம்பவம் நடந்ததும் வளர்த்தவர் போய் நிற்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "உங்க பூனை ஏன் எங்க சுவர்ல ஏறுச்சு" என்று தொடங்கினால் அது ஸ்டேஷனில்தான் முடியும். "ஆச்சி, எங்க நாய்தான் கடிச்சிருச்சு. வண்டி கொண்டாரேன், மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்" என்றால் பாதிக் கோபம் அங்கேயே தணியும்.

பணத்தில் நடக்கும் தவறு அவசரம். அன்றைக்கே 500 ரூபாயைக் கையில் வைத்து "இத்தோட முடிஞ்சது" என்பார்கள். மூன்றாம் நாள் சீழ் வைத்து அறுவை என்றதும் பழைய சண்டை திரும்ப வரும். ரசீது வர வரக் கொடுத்துவாருங்கள். ஆடு இறந்திருந்தால் சந்தை விலை, சினையாக இருந்தால் அதையும் சேர்த்து. ஒத்துவராவிட்டால் வழக்குப் போடுமுன் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம்; அது நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் எட்டிய முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். கணக்குத் தீர்ந்தது என்று எழுதி, தேதி, தொகை, எந்தெந்தச் செலவு என்று குறித்து இருவரும் கையெழுத்துப் போடுவது 28ஆம் நாள் ஊசி போட்ட பிறகு இருக்கட்டும்.