குலுக்கினால் எரியும் விளக்கு: பரடே கண்டதை வீட்டில் செய்து பார்ப்போம்

கல்லடியில் கரண்ட் போயிருந்த ஒரு இரவு, தரம் 8 படிக்கிற என் மகள் கேட்டாள்: "அப்பா, கரண்ட நாமளே செய்ய ஏலாதா?"

ஏலும். பற்றரியும் வேண்டாம்.

சாமான்கள்: மோட்டர் கட்டுகிற கடையில் எனாமல் பூசிய 36 கேஜ் செப்புக் கம்பி, 80 மீற்றர். அரை அங்குல பிவிசி குழாய், ஒரு சாண். குழாய்க்குள் தடையில்லாமல் ஓடுகிற 12 மில்லிமீற்றர் நியோடிமியம் காந்த வில்லைகள், அடுக்கினால் 2 சென்றிமீற்றர் உயரம் வருமளவு. சிவப்பு எல்.ஈ.டி. ஒன்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் காந்தங்களை எண்ணி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடல் கிழியும்.

படி 1: குழாயின் நடுவில், 3 சென்றிமீற்றர் அகலத்துக்குள், ஒரே திசையில் 1000 சுற்று. நூறுக்கு ஒரு கோடு தாளில் போடுங்கள். அலுப்பு வரும்போது இதை நினையுங்கள்: காந்தத்தால் மின் உண்டாக்கிக் காட்டிய விஞ்ஞானி மைக்கல் பரடேயின் கம்பியில் எனாமல் கிடையாது. சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, இடையிடையே நூலும் துணியும் வைத்துச் சுற்றினார்.

படி 2: இரண்டு நுனியிலும் எனாமலை பிளேட்டால் சுரண்டி, செம்பு பளபளத்ததும் எல்.ஈ.டி.யின் கால்களில் முறுக்குங்கள். என் முதல் குழாய் எரியவேயில்லை. முழுக் கம்பியையும் பிரித்துத் திரும்பச் சுற்றினேன். பிழை சுரண்டாத ஒரு நுனியில் இருந்தது.

படி 3: காந்தத்தை உள்ளே விட்டு, இரு வாயையும் துணி வைத்து அடையுங்கள்.

படி 4: குலுக்காதீர்கள். காந்தத்தைச் சுருளுக்குள் அப்படியே நிறுத்தி வைத்துப் பாருங்கள். ஒன்றும் எரியாது.

இந்தப் படியைத் தாண்டி ஓடவேண்டாம், பரடே வருடக்கணக்காக நின்ற இடம் இதுதான். லண்டனில் கொல்லர் ஒருவரின் மகன், 14 வயதில் புத்தகம் கட்டும் கடைக்குப் போனவர், கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் படித்தவர். காந்தத்தை மின்னாக மாற்றவேண்டும் என்று 1822இல் குறித்து வைத்தார். திரும்பத் திரும்ப முயன்றும், மின் ஓடினால் அசைந்து காட்டும் மானியின் முள் அசையவில்லை. ஜெனீவாவில் கொலடொன் என்பவர் 1825இல் காந்தத்தைச் சுருளுக்குள் தள்ளவே செய்தார். ஆனால் காந்தம் முள்ளைக் குழப்பிவிடும் என்று மானியை அடுத்த அறையில் வைத்திருந்தார். நடந்து போய்ப் பார்ப்பதற்குள் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது!

1831 ஓகஸ்ட் 29. இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றி, ஒன்றைப் பற்றரியோடு இணைத்த கணத்தில் மற்றச் சுருளின் முள் துடிப்பதைப் பரடே கண்டார். இணைக்கும்போது ஒரு துடிப்பு, துண்டிக்கும்போது ஒன்று, நடுவில் அசைவில்லை. அப்படியானால் வேண்டியது மாற்றம். ஒக்டோபர் 17 அன்று வெறும் காந்தத்தைச் சுருளுக்குள் தள்ளி இழுத்தார். முள் ஆடியது.

படி 5: லைட்டை அணைத்து, எல்.ஈ.டி.யிலேயே கண்ணை வைத்துக்கொண்டு வேகமாகக் குலுக்குங்கள். மினுங்கும்.

இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்துத் தண்ணீர் இறங்கி மின் எடுப்பதும் இதே வழியில்தான். குலுக்கும் கைக்குப் பதிலாக அங்கே சுழலும் விசையாழி.

விருப்பமென்றால் இன்னொரு எல்.ஈ.டி.யை அதே இரண்டு நுனிகளில் கால் மாற்றி இணையுங்கள். காந்தம் சுருளுக்குள் நுழையும்போது ஒன்று எரியும், வெளியேறும்போது மற்றது. நம் வீட்டுச் சுவரில் வருவதும் இப்படித் திசை மாறி மாறி ஓடும் மின்தான், விநாடிக்கு 50 சுற்று.