கேள்வியாகச் சொன்னால் சந்தேகம் என்று எடுக்காதீர்கள்

புதிதாக டீம் லீடாக வருபவர்களைப் பார்க்கிறேன். எங்கள் செட் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மரியாதையாகப் பேசு, கிண்டல் வேண்டாம் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

தணிந்த பேச்சைத் தயக்கமாக எடுப்பது

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். டேட்டாபேஸ் மாற்றத்துக்கு முந்தைய நாள் மீட்டிங். "ரோல்பேக்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்துடலாமா?" என்றார் ஒரு பெண் இன்ஜினியர். ரோல்பேக் என்றால், மாற்றம் சொதப்பினால் பழைய நிலைக்கே திரும்புவது. "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவினார் புது லீட். அந்தப் பெண் அனுமதி கேட்கவில்லை. அதைச் செய்யாமல் கை வைக்காதீர்கள் என்பதைத்தான் பக்குவமாகச் சொன்னார். மறுநாள் இரவு மாற்றம் பாதியில் நின்றது, ரோல்பேக்கும் ஓடவில்லை. விடிய விடிய உட்கார்ந்தோம். அப்புறம் அவரிடமே போய், "அழுத்திச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அழுத்திச் சொன்னால் அப்ரைசலில் 'அடாவடி' என்று எழுதுவீர்கள். அதையே ஓர் ஆண் சொன்னால் 'தெளிவானவர்'.

இப்படித் தணித்துக் கேள்வியாகப் பேசும் நடையைப் பெண்களின் பேச்சு என்று 1970களில் விவரித்தவர் மொழியியலாளர் ராபின் லேக்காஃப். நீதிமன்றச் சாட்சியங்களை ஆராய்ந்த ஓபாரும் அட்கின்ஸும் 1980இல் அதை மறுத்தார்கள். சாட்சி சொல்லிப் பழகிய பெண் நிபுணர்களிடம் அந்த நடை குறைவு; அந்தஸ்து குறைந்த ஆண்களிடமும் அது தாராளமாக இருந்தது. அதனால் பெண்களுக்கென்று தனி அகராதி வைத்துக்கொள்ளாதீர்கள். நேற்றுச் சேர்ந்த பையனும் இப்படித்தான் பேசுவான். யார் "செய்யலாமா?" என்றாலும், "செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதிலிலேயே விஷயத்தின் கனம் தெரிந்துவிடும்.

பெண்கள்தான் அதிகம் பேசுவார்கள் என்று நினைப்பது

இல்லை. 2007இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் மாணவர்களும் மாணவிகளும் நாளுக்குச் சுமார் 16,000 சொற்கள் பேசினார்கள்.

குறுக்கே பேசுவதைக் கண்டுகொள்ளாமல் விடுவது

பதவி உயர்ந்தால் தானாக நின்றுவிடாது. அமெரிக்க உச்ச நீதிமன்ற வாதங்களைப் பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வின்படி, ஆண் நீதிபதிகளைவிடப் பெண் நீதிபதிகளின் பேச்சுதான் அதிகம் இடைமறிக்கப்பட்டது. நீதிபதிகளுக்கே அந்தக் கதி. "அவர் முடிக்கட்டும்" என்பதை மீட்டிங் நடத்துபவர்தான் சொல்ல வேண்டும். பேச்சு அறுபட்டவர் சொன்னால் அது சண்டையாகிவிடும்.

தலையாட்டலைச் சம்மதமாக எழுதுவது

சிலருக்கு 'ம்' என்றால் சரி, சிலருக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டுமே. மினிட்ஸில் ஏற்றுவதற்கு முன் வாய்விட்டுக் கேளுங்கள்.